விழுந்தவன் தோற்றவனா?

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையைக் கடக்கும்போது யானைமலையைப் பார்த்திருப்பீர்கள். துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்துக் கிடக்கும் யானையைப் போன்ற அந்தப் பாறையின் அருகே, பொங்கலுக்கு மறுநாள் இரவு, அறுவடை முடிந்த வயலில் விளக்குக் கட்டிக் கபடிப் போட்டி நடந்தது. நானும் போயிருந்தேன். என்னிடம் படிக்கும் மாணவர் ஒருவர் ஊர்க்காரர் என்பதால் அழைத்திருந்தார்.

பாடி வந்தவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். எழுபத்தைந்து கிலோ இருப்பார். பிடிக்கும் பக்கத்தில் மூலையில் நின்ற பையன் ஐம்பது கிலோகூடத் தேறமாட்டான். அவன் திடீரென்று குனிந்து அவருடைய கணுக்காலைப் பற்றினான். அவர் குப்புற விழுந்தார். ஆனால் ஆட்டம் முடியவில்லை. விழுந்த நிலையிலேயே உள்ளங்கைகளை ஊன்றி, கால் பெருவிரலால் தரையை உந்தி, நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தார். கோட்டுக்கும் அவர் விரல் நுனிக்கும் ஒரு சாண்தான் இருந்தது. பையனும் தரையில்தான் கிடந்தான். சட்டென்று மண்டியிட்டு எழுந்து, அவருடைய இரண்டு முழங்காலையும் சேர்த்து அணைத்து மேலே தூக்கினான். அவ்வளவுதான், அந்தப் பெரிய உடல் நகரவில்லை. பாட்டு நின்றது.

அருகில் இருந்த மாணவர் என்னைக் கேட்டார்: "சார், அவரு விழுந்ததுக்கப்புறமும் பாதி தூரம் வந்துட்டாரு. இவன் தூக்கினதும் ஏன் சார் அப்படியே நின்னுட்டாரு? இவனுக்கு ஏது சார் அவ்வளவு பலம்?"

நல்ல கேள்வி. விழுந்ததும் சண்டை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். மல்யுத்தமும், ஜூடோவும், இப்போது தொலைக்காட்சியில் கம்பிக் கூண்டுக்குள் நடக்கும் கலப்புச் சண்டைப் போட்டிகளும் தெரிந்தவர்களைக் கேட்டால், விழுந்த பிறகுதான் சண்டை தொடங்குகிறது என்பார்கள். அவர்கள் சொல்வதன் காரணம் உங்கள் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது. தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

முதலில் நிற்பதைப் பற்றிப் பார்ப்போம். ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். அந்த மையத்திலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல் ஒரு நூலைத் தொங்கவிட்டால், நூல் பொருளின் அடிப்பரப்புக்குள் விழும்வரை பொருள் சாயாது. வெளியே போனால் சாயும். வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி வளைவில் ஏன் கவிழ்கிறது, அதே லாரி வெறுமையாக வந்தால் ஏன் கவிழ்வதில்லை என்பதற்கு விளக்கம் இதுதான்.

நேராக நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழத் தொப்புள் மட்டத்தில், தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அவனுடைய அடிப்பரப்போ இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இடமும் மட்டுமே. தூக்குநூல் விழும் இடத்திலிருந்து குதிகாலின் பின்விளிம்பு வரை 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடை 50 கிலோ. பின்னால் சாயாமல் உங்களைக் காப்பது இந்த எடையின் திருப்புத்திறன்: 50 × 10 = 500. ஒருவர் உங்கள் நெஞ்சில், தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் கைவைத்துத் தள்ளினால், 500 ÷ 120, அதாவது சுமார் 4 கிலோ எடைக்குச் சமமான விசை போதும்! (விசையை நியூட்டன் என்னும் அலகில் சொல்வதே முறை, மனத்தில் பதிவதற்காக இங்கே கிலோ எடை என்றே சொல்லிப் போகிறேன்.) நாலு கிலோ அரிசிப் பையைத் தூக்குகிற பலம் சிறு பிள்ளைக்கும் உண்டு. நம்மை யாரேனும் தள்ளினால் நாம் விழாதிருப்பது, உடனே ஒரு காலைப் பின்னால் வைத்து அடிப்பரப்பைப் பெரிதாக்கிக்கொள்வதால்தான். மனிதன் நிற்பது என்பதே ஒரு கழைக்கூத்துத்தான்.

இன்னொரு விதமாகவும் இதைக் கணக்கிடலாம். நிற்பவனை எத்தனை பாகை சாய்த்தால் திரும்ப முடியாத நிலைக்குப் போவான்? உயரம் 90, விளிம்பு 10. கோணம் 6 பாகைதான் வருகிறது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழும் நிலையில் ஈர்ப்பு மையம் 40 செ.மீ. உயரம், பக்கவாட்டு விளிம்பு 20 செ.மீ. என்றால் கோணம் 27 பாகை. குப்புறப் படுத்துவிட்டாலோ உயரம் 10 செ.மீ., விளிம்பு 20 செ.மீ.; 63 பாகை வரை புரட்டினாலும் அவன் பழையபடி தொப்பென்று விழுந்து கிடப்பான். யானைமலையை யாராலும் கவிழ்க்க முடியாது; அது ஏற்கெனவே படுத்திருக்கிறது.

இதை உலகறிய நிரூபித்த குஸ்தி ஒன்று உண்டு. 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் லண்டனில் நடந்தது. ஒரு பக்கம் நம் நாட்டுப் பயில்வான் காமா. மறுபக்கம் போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோ. காமாவைவிட 20 கிலோவுக்குமேல் கனமானவர். காமாவின் வேகத்தையும் பலத்தையும் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துகொண்ட ஸ்பிஸ்கோ, விரிப்பின்மேல் படுத்துவிட்டார். பெரும்பாலான நேரம் எழுந்திருக்கவே இல்லை. எதிரியின் இரு தோள்களும் தரையில் படும்படி மல்லாத்தினால்தான் வெற்றி. காமா இழுத்தார், புரட்டினார், தூக்கிப் பார்த்தார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் போராட்டம் நீடித்தது. கடைசியில் வெற்றி தோல்வி இல்லையென்று நிறுத்தினார்கள்.

கூடியிருந்தவர்கள் ஸ்பிஸ்கோவை எள்ளினார்கள். எள்ளட்டும், நாம் கணக்குப் போடுவோம். படுத்திருப்பவரின் ஒரு விலாப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி மறுபக்கமாகப் புரட்டவேண்டும். உடலின் அகலம் 40 செ.மீ.; எடை நடுவில், 20 செ.மீ. தொலைவில் செயல்படுகிறது. ஆகவே தேவையான விசை எடையில் சரிபாதி. 115 கிலோ எடையுள்ளவரானால் சுமார் 57 கிலோ. இது காமாவுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் படுத்திருப்பவர் எந்தப் பக்கம் புரளவேண்டுமோ அந்தப் பக்கம் கையை 40 செ.மீ. வெளியே நீட்டி ஊன்றிக்கொண்டால்? இப்போது உடல் சுழலும் விளிம்பு விலா அல்ல, அந்தக் கை. எடை அந்த விளிம்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது; தூக்கும் இடம் 80 செ.மீ. தள்ளி. 115 × 60 ÷ 80 = 86 கிலோ. ஒரு கையை நீட்டியதால் எதிரியின் வேலை ஒன்றரை மடங்காகிவிட்டது! அந்தப் பக்கம் விட்டு இந்தப் பக்கம் வந்தால், அவர் அந்தக் கையை மடக்கி இந்தக் கையை நீட்டுவார். இரண்டரை மணி நேரம் காமா எதிர்த்துப் போராடியது ஸ்பிஸ்கோவை அல்ல, திருப்புத்திறனை.

ஒரு வாரம் கழித்து மறுபடி மோத நாள் குறித்தார்கள்; ஸ்பிஸ்கோ வரவில்லை. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தபோது ஸ்பிஸ்கோ படுப்பதற்கு அவகாசமே கிடைக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் காமா அவரைச் சாய்த்துவிட்டார். நிற்கும்போது 6 பாகை என்று சொன்னேன் அல்லவா?

அப்படியானால் தரையில் கிடப்பவனை வெல்லவே முடியாதா? முடியும். கயிற்றுக் கட்டில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு காலும் இருக்கும்வரை அதன் ஓரத்தில் உட்கார்ந்தாலும் கவிழாது. ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் எடுத்துவிட்டால், அந்தப் பக்கம் தானாகவே சாயும்; தள்ளவே வேண்டியதில்லை. தரைச் சண்டையின் பெரும்பகுதி இந்தக் கட்டில் தந்திரம்தான். ஒருவன் உங்கள்மேல் அமர்ந்து, இரண்டு முழங்காலையும் இரண்டு கையையும் ஊன்றியிருக்கிறான் என்றால் அவன் நாலு கால் கட்டில். கீழே இருப்பவர் வெறுமனே மேலே தள்ளினால் முழு எடையையும் தூக்கவேண்டும். தேர்ந்தவரோ அவனுடைய வலக்கையைத் தம் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அதே பக்கத்துக் காலைத் தம் பாதத்தால் பூட்டிவிடுவார். இப்போது அவனுக்கு அந்தப் பக்கத்தில் ஊன்றுவதற்கு ஒன்றுமில்லை. இடுப்பைத் தரையிலிருந்து எக்கி அந்தத் திசையில் புரண்டால், மேலே இருந்தவன் கீழே போகிறான். மறுபக்கம் முயன்றால் ஒரு நாளும் நடக்காது. திசை தெரியாத பலம் வீண்.

இந்த அறிவைத் தொகுத்து ஒரு கலையாக்கியவர்களில் முக்கியமானவர் ஜப்பானியர் ஜிகோரோ கானோ. 1882இல் டோக்கியோவில் அவர் கோடோகன் என்னும் ஜூடோப் பள்ளியை நிறுவினார். அங்கே பயின்ற மிட்சுயோ மயேடா பல நாடுகளில் மல் பொருதிவிட்டு 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடமிருந்து கிரேசி என்னும் குடும்பத்தார் கற்றுக்கொண்டு, தரைப் பிடிகளையே முதன்மையாக வளர்த்தார்கள். 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவில் டென்வர் நகரில் எட்டுப் பேர் கலந்துகொண்ட ஒரு போட்டி நடந்தது. குத்துச்சண்டை, கராத்தே, மல்யுத்தம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கலை. எடைப் பிரிவு கிடையாது. ஒரே இரவில் மூன்று பேரை வென்று முதலிடம் பெற்றவர் அந்தக் குடும்பத்து ராய்ஸ் கிரேசி. சிலர் அவரைக் காட்டிலும் மிகக் கனமானவர்கள். மூன்று போட்டிகளையும் அவர் தரையில்தான் முடித்தார். இன்று உலகெங்கும் நடக்கும் கலப்புச் சண்டைப் போட்டிகள் வளர்ந்தது அந்த இரவிலிருந்துதான். அந்தப் போட்டிகளில் வரும் இரத்தமும் ஆரவாரமும் எனக்குப் பிடிப்பதில்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் தரையில் கட்டிப் பிடித்து அசையாமல் கிடக்கும்போது, பார்வையாளர்கள் சலித்துக் கூச்சலிடும் அந்த நேரத்தில்தான், நான் தொலைக்காட்சி அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன். அசையாமல் கிடக்கிறார்கள் என்றால் அங்கே பெரிய விசைகள் சமநிலையில் நிற்கின்றன என்று பொருள்.

மல்லாந்து கிடப்பவர் தம் இரு கால்களாலும் எதிரியின் இடுப்பைப் பின்னிப் பூட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கலாம். தோற்றவர் போலத் தோன்றும். உண்மையில் அவர் இதற்குமேல் விழ முடியாது. அவருக்குச் சமநிலையைப் பற்றிய கவலை இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் பூமியே நிற்கிறது. நாலு கைகால்களையும் பிடிப்பதற்கே செலவிடலாம். மேலே இருப்பவனோ கவிழாமல் இருப்பதற்கே இரண்டு முழங்காலையும் ஒரு கையையும் ஊன்றியாகவேண்டும்.

இனிப் பூட்டு. கீழே இருப்பவர் எதிரியின் ஒரு கையை நீட்டிப் பிடித்து, அந்தக் கையின் இருபுறமும் தம் கால்களைப் போட்டு, முழங்கைக்குச் சற்று மேலே தம் தொடையை முட்டுக்கொடுத்து, மணிக்கட்டைத் தம் மார்பை நோக்கி இழுக்கிறார். கடப்பாரையால் கல் பெயர்ப்பதும் இதுவும் ஒன்றே. தொடை ஆதாரப்புள்ளி, முன்கை கடப்பாரை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு 25 செ.மீ.; இழுப்பு 20 கிலோ என்றால் திருப்புத்திறன் 500. இதைத் தடுக்க எதிரியிடம் இருப்பது மேற்கைத் தசை. அது முன்கை எலும்பில் ஒட்டியிருக்கும் இடம் முழங்கை மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. தொலைவில்தான். 500 ÷ 4 = 125 கிலோ. 20 கிலோவைத் தடுக்க 125 கிலோ வேண்டும்! கை நேராக நீண்டிருக்கும்போது இழுப்பின் கோணம் குறுகிவிடுவதால் அந்த 4 செ.மீ.கூட முழுதாகக் கிடைப்பதில்லை. அதுமட்டுமா? இழுப்பவர் தம் கைகளால் மட்டும் இழுப்பதில்லை. இடுப்பை எக்கி முதுகுத் தசை முழுவதையும் அந்த ஒரு மூட்டின்மேல் செலுத்துகிறார். ஓர் ஆள் முழுவதும் ஒரு முழங்கையோடு மோதும்போது, அந்த முழங்கைக்கு உரியவர் எவ்வளவு பெரியவர் என்பது கணக்கில் வருவதே இல்லை.

வெளிநாட்டுக் கதையாகவே போகிறதே என்று எண்ணவேண்டாம். புறநானூற்றின் 80ஆம் பாட்டை உங்கள் தமிழாசிரியரிடம் கேட்டுப் படியுங்கள். சாத்தந்தையார் பாடியது. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற காட்சி அதில் இருக்கிறது. சோழனின் ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றி அழுத்துகிறது. மற்றொரு கால் அவனுடைய தந்திரத்தைத் தடுத்து முதுகுப் பக்கம் போகிறது. தலையும் காலுமாகிய இரு முனைகளும் முறியும்படி சோழன் மோதுகிறான். பசித்த யானை மூங்கிலை முறித்துத் தின்ன முயல்வதைப் புலவர் இதற்கு உவமையாகச் சொல்கிறார். கால் வைத்த இடத்தைக்கூட விடாமல் சொல்லியிருப்பதால், இது நேரில் பார்த்து எழுதிய வருணனை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த உவமையில் இயற்பியல் இருக்கிறது. ஒரு மூங்கிலை இரு முனைகளிலும் பிடித்து ஒரே பக்கமாக வளைத்து, நடுவில் முழங்காலால் எதிர்ப்பக்கம் அழுத்துங்கள். மூன்று இடத்தில் விசை. நடுவில் திருப்புத்திறன் மிகுதி. முறிவது நடுவில்தான். மூங்கில் நீளமாக இருந்தால் இன்னும் எளிதில் முறியும். கடைவாயில் வைத்து முறிக்கும் யானைக்கும், காலால் முட்டுக்கொடுத்துப் பூட்டிய சோழனுக்கும், டென்வரில் வென்ற பிரேசில்காரருக்கும் வழி ஒன்றே. பாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. தந்தை தித்தன் மகனோடு பிணக்குற்றிருந்தான். அவன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, மகனுடைய இந்த வெற்றியை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று புலவர் விரும்புகிறார். இது இயற்பியல் அல்ல. ஆனாலும் சொல்லத் தோன்றியது.

யானைமலை அடிவாரத்துக்குத் திரும்புவோம். பாடி வந்தவரின் கணுக்காலைப் பையன் பிடித்ததும் அவர் ஏன் விழுந்தார் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். பாதம் நின்றுவிட்டது, 75 கிலோ உடல் நிலைமத்தால் முன்னே போயிற்று, தூக்குநூல் அடிப்பரப்பைவிட்டு வெளியே விழுந்தது. கணுக்காலைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருக்கிறது. காலை உதறுவது இடுப்புத் தசை. அந்த இடுப்பிலிருந்து மிகத் தொலைவான இடம் கணுக்கால். கதவைக் கீலின் அருகே பிடித்துத் தடுப்பது கடினம், கைப்பிடியில் தடுப்பது எளிது அல்லவா?

விழுந்தவர் ஊர்ந்தது எப்படி? பெருவிரலால் தரையைப் பின்னோக்கி உந்தினார். உராய்வு அவரை முன்னோக்கி உந்தியது. நியூட்டனின் மூன்றாம் விதி. உராய்வு இல்லாவிட்டால் எண்ணெய் பூசிய தரையில் நீந்துவதுபோல் ஆகிவிடும். பையன் செய்தது அந்த உராய்வைப் பறித்ததுதான். காலைத் தரையிலிருந்து பிரித்துவிட்டான். உந்துவதற்குத் தரை இல்லை. உந்தாதவனுக்கு எதிர்வினையும் இல்லை. உள்ளங்கை மட்டும் எஞ்சியது. அதைக்கொண்டு அவ்வளவு பெரிய உடலை இழுத்துக்கொண்டு போக முடியாது.

"ஏது சார் அவ்வளவு பலம்?" என்ற கேள்விக்கு வருவோம். பையன் தூக்கியது 75 கிலோவை அல்ல. குப்புறக் கிடந்தவரின் மார்பு தரையிலேயே இருந்தது, அதுவே ஆதாரப்புள்ளி. ஈர்ப்பு மையம் அங்கிருந்து 30 செ.மீ. தள்ளி, பையன் அணைத்த முழங்கால் 80 செ.மீ. தள்ளி. 75 × 30 ÷ 80 = 28 கிலோ. கடையில் விற்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடச் சற்றுக் கூடுதல். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் மண் அள்ளிப் போகிறவர் செய்வதும் இதுவே. அவன் தொடைக்கும் மேலே இடுப்பைப் பிடித்துத் தூக்க முயன்றிருந்தால் முடிந்திராது.

1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது முதல் தங்கம் நம்முடையதாகவே இருந்தது. 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் இரானிடம் நம் ஆடவர் அணி தோற்றது. இரானிய வீரர்கள் மல்யுத்த மரபில் வளர்ந்தவர்கள்; பிடித்த காலைத் தரையிலிருந்து பிரிக்க அவர்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. பெய்ஜிங்குக்குப் பின் நாம் இழந்த அந்தத் தங்கத்தை 2023இல் ஹாங்சோவில் மீட்டோம், அதே இரானை இறுதியாட்டத்தில் வென்று.

அழுத்தத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 60 கிலோ ஆள் மார்போடு மார்பாகப் படுத்தால் எடை ஆயிரம் சதுர சென்டிமீட்டருக்கும் மேல் பரவுகிறது. அதே ஆள் ஒரு முழங்காலை வயிற்றில் ஊன்றினால் 30 சதுர செ.மீ.; ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 2 கிலோ. எடை மாறவில்லை, தாங்கும் பரப்பு மாறியது.

இதே அழுத்தக் கணக்கில் ஒன்று விளையாட்டல்ல. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கோடையில் வற்றிய எங்கள் ஊர்க் கண்மாயில் பையன்கள் குஸ்தி போடுவோம். என் சித்தப்பா மகன், என்னைவிட ஒரு வயது இளையவன், ஒவ்வொரு முறையும் என்னைச் சாய்த்துவிடுவான். அன்று நான் அவன் பின்னால் போய் முழங்கை வளைவில் அவன் கழுத்தை வைத்து இறுக்கினேன். மூச்சு முட்டவில்லை என்றுதான் நினைத்தேன். அவன் குரல்கூட வந்தது. அவன் என் கையை இரண்டு முறை தட்டினான். தோற்பதற்கு ஒப்புக்கொள்கிறான் என்ற மகிழ்ச்சியில் இன்னும் கொஞ்சம் பிடித்தேன். பிறகு அவன் தட்டவில்லை. உடல் தளர்ந்து ஈரத் துணிபோல் என் கையில் தொங்கினான். மண்ணில் கிடத்தினோம். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவதற்குள் கண் விழித்து, "என்னடா ஆச்சு?" என்றான். வீட்டில் யாரும் சொல்லவில்லை. இன்றுவரை பெரியவர்களுக்குத் தெரியாது.

என்ன நடந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே விளங்கியது. நான் அவன் மூச்சுக்குழாயை அடைக்கவில்லை. கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளை அடைத்திருக்கிறேன். இரத்த அழுத்தம் 120 மி.மீ. பாதரசம் என்று மருத்துவர் சொல்வார். காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம், அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோ எடை. ஆகவே 120 என்பது சதுர செ.மீ.க்கு 160 கிராம்தான். கழுத்தின் ஒரு பக்கத்தில் 10 சதுர செ.மீ. பரப்பில் இதை மிஞ்சுவதற்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விசை போதும். தசையும் தோலும் கொஞ்சம் தாங்கும் என்றாலும், பதின்மூன்று வயதுப் பையனின் கை அதற்கு ஏராளம். மூளை உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கு. உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சேமிப்பு எதுவும் அதனிடம் இல்லை. இரத்தம் நின்றால் பத்து நொடி அளவில் நினைவு போய்விடும்; விடாமல் பிடித்திருந்தால் சில நிமிடங்களில் மூளை மீளாச் சேதம் அடையும். பேச்சு வருகிறது, மூச்சு வருகிறது, ஆகவே ஆபத்து இல்லை என்று நான் நினைத்தது முழுத் தவறு.

ஜூடோவிலும் கலப்புச் சண்டையிலும் தட்டினால் அந்தக் கணமே விடவேண்டும் என்பது முதல் பாடம். மயங்கியவர் தட்ட முடியாது என்பதால் நடுவர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். மல்யுத்தப் போட்டிகளில் கழுத்தை நெரிக்கும் பிடிக்கே இடமில்லை. கபடியில் கை, கால், உடல் தவிர வேறிடத்தில் பிடிப்பது விதிமீறல். நம் பள்ளி இடைவேளைகளில் நடுவர் கிடையாது. கழுத்தையும், நீட்டிய முழங்கையையும் யார்மேலும் சோதித்துப் பார்க்காதீர்கள். யாராவது மயங்கினால் பிடியை விட்டுக் கிடத்துங்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் செய்ததுபோல் மறைக்காதீர்கள்.

சோதித்துப் பார்க்க வேறு வழிகள் உண்டு. செவ்வக மரக்கட்டை ஒன்றை நிறுத்தியும் படுக்கவைத்தும் ஒரு விரலால் சாய்த்துப் பாருங்கள். எத்தனை பாகையில் விழுகிறது என்று கோணமானியால் அளந்து குறியுங்கள். பிறகு காகிதத்தில் இந்தக் கணக்கைப் போடுங்கள்: 60 கிலோ எடையுள்ள ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார்; உடலின் அகலம் 40 செ.மீ. புரட்டப்படும் திசையில் கையை விலாவிலிருந்து 30 செ.மீ. வெளியே ஊன்றியிருக்கிறார். எதிர்ப்பக்க விலாவைத் தூக்க எவ்வளவு விசை வேண்டும்? 43 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக விடை வந்தால் உங்கள் கணக்கு சரி. வராதவர்கள், எடை எந்த விளிம்பிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது என்பதை மறுபடி பாருங்கள்.